முதல் லேத், முதல் இரும்பு: கடைசலுக்கு எளிதான ஸ்டீல் எது?

மாடிப்பட்டறை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். பணம் சேர்த்து ஒரு மினி லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வாங்கி மொட்டை மாடி அறையில் வைத்திருக்கிறேன். 7 அங்குல விட்டம், 14 அங்குல நீளம் வரை பிடிக்கும் வகை, 550 வாட்ஸ் மோட்டார். என் பிழைப்பு கம்ப்யூட்டர் முன்னால்தான். லேத் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோ பார்த்தும், தெருமுனைப் பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்தும் கற்றது.

அப்பா கொத்தனார். அவருடைய தூக்குக்குண்டு ஒரு பக்கம் தேய்ந்து போய்விட்டது. என் லேத்தில் முதல் பொருளாக அவருக்கு ஒரு குண்டும் அதற்குரிய கட்டையும் செய்து தர ஆசை. இங்கேதான் சிக்கல். பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் 25 மி.மீ. முறுக்குக் கம்பித் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வந்து, பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் மாட்டினேன். டக் டக்கென்று அடித்து, வெட்டும் டூலின் கார்பைடு முனை உடைந்துவிட்டது. அப்புறம் ஹார்டுவேர் கடையில் "எம்.எஸ். ராடு" (மைல்டு ஸ்டீல், சாதாரண மென்மையான இரும்பு) என்று வாங்கினேன். அது உடைக்கவில்லை. ஆனால் மேல்பரப்பு பிய்த்துப் போட்டது மாதிரி சொரசொரவென்று வருகிறது. முழ நீளத்துக்குச் சுருள் வந்து சக்கில் சுற்றிக்கொள்கிறது.

குறை லேத்திலா, டூலிலா, என் கையிலா, இரும்பிலா? எதை மாற்றிப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

கணபதி_லேத் (கோயம்புத்தூர்)

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் முக்கியம். நான்கில் எது குறை என்று தெரியாமல் நிற்கிறீர்கள். அதனால் முதலில் இரும்பை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நல்ல இரும்பு போட்டும் சரியாக வரவில்லை என்றால் டூலையும் கையையும் பார்க்கலாம். எது என்றே தெரியாத இரும்பை மாட்டிக்கொண்டு கற்க ஆரம்பித்தால் ஒரு வருடமானாலும் காரணம் பிடிபடாது. நான் 16 வயதில் பட்டறைக்கு வந்தவன், இப்போது 34 வருடம் ஆகிறது. இதைக் கண்ணால் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முறுக்குக் கம்பியை இனி லேத் பக்கமே கொண்டுவராதீர்கள். இந்த டி.எம்.டி. கம்பியை உருட்டி முடித்த கையோடு தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைக்கிறார்கள். அதனால் வெளித்தோல் கடினமாகவும் உள்ளே மென்மையாகவும் இருக்கும். கான்கிரீட்டுக்கு அதுதான் வேண்டும், கடைசலுக்கு அது ஆகாது. போதாக்குறைக்கு மேலே வரி வரியாக விலா எலும்பு மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் டூல் முனை அந்த விலாவில் மோதும். கார்பைடு இப்படி விட்டு விட்டு வரும் அடியைத் தாங்காது. உடைந்ததில் ஆச்சரியமே இல்லை.

எம்.எஸ். கதை வேறு. கார்பன் குறைவு, அதனால் மெழுகு போல இழுபடும். வெட்டுப்படுவதை விடப் பிய்கிறது என்றே சொல்லலாம். டூல் முனையில் இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெட்டுவது டூல் இல்லை, அந்த ஒட்டுத்துணுக்குதான். அது அவ்வப்போது பிய்ந்து வேலைப்பரப்பில் அப்பிக்கொள்ளும். நீங்கள் பார்த்த சொரசொரப்பு அதுதான். உங்கள் லேத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இ.என். 1ஏ என்ற வகை ஸ்டீலில் பிரைட் பார் (செதில் இல்லாத பளபளப்பான கம்பி) வாங்குங்கள். எங்கள் பக்கம் "ஃப்ரீ கட்டிங்", அதாவது எளிதாக வெட்டுப்படுவது, என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

பழைய_இரும்பு (சேலம்)

அண்ணன் சொல்வதில் ஒரு பாதிக்கு நான் மறுப்புச் சொல்ல வேண்டும். புதுப் பார் வாங்கிக் கற்றுக்கொள்ள எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. நான் கற்றது முழுக்கப் பழைய இரும்புக் கடைச் சரக்கில்தான். பழைய பைக் ஆக்சில், போல்ட், பிரின்டர் ராடு எல்லாம் கடைந்திருக்கிறேன். 8.8 என்று தலையில் அடித்திருக்கும் பெரிய போல்ட் எடுத்துக் கடைந்து பாருங்கள், எம்.எஸ்.ஸை விட நூறு மடங்கு பளபளப்பு வரும். முன்னால் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தால் போதும். அரம் கடித்தால் டூலும் கடிக்கும், அரம் வழுக்கினால் விட்டுவிட வேண்டும்.

கணபதி_லேத்

போல்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 8.8 போல்ட் நடுத்தரக் கார்பன், பதம் போட்டு வருகிறது, சுருள் நன்றாக முறியும். அரச் சோதனையும் நல்ல பழக்கம். ஆனால் அது மேல்தோலை மட்டும்தான் சொல்லும். பைக் ஃபோர்க் ராடு என்றால் மேலே குரோம், அதன் கீழே என்னவென்று தெரியாது. ஆக்சில் சிலது தோல் மட்டும் கடினமாக்கி வரும். உங்களுக்குக் கை பழகிவிட்டது, சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பீர்கள். தம்பிக்கு அந்தச் சத்தம் இன்னும் தெரியாது. முதலில் நல்ல சத்தம் எது என்று காது பழகட்டும். பழைய இரும்பு எங்கே போய்விடப் போகிறது?

பயிற்றுநர் (திருச்சி)

ஐ.டி.ஐ.யில் டர்னர் (லேத் வேலை) பிரிவில் சொல்லிக்கொடுக்கிறேன். இ.என். 1ஏ ஏன் எளிதாக வெட்டுப்படுகிறது என்பதைச் சேர்த்தே தெரிந்துகொண்டால் எங்கே அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

சாதாரண இரும்பில் கந்தகத்தை வேண்டாத பொருளாகக் கருதி முடிந்தவரை நீக்குவார்கள். இதில் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், ஏறத்தாழ 0.2 முதல் 0.3 சதவீதம் வரை. அந்தக் கந்தகம் மாங்கனீசோடு சேர்ந்து சின்னச் சின்ன மென்மையான துகள்களாக இரும்புக்குள் பரவி நிற்கும். பாரை உருட்டும்போது அவை நீளவாக்கில் இழுபடும். டூல் வெட்டிக்கொண்டு போகும்போது சுருள் அந்தத் துகள் இருக்கும் இடத்தில் முறிந்துவிடும். டூல் முகத்தில் உராய்வும் குறையும். ஈயம் சேர்த்த வகையும் உண்டு. ஈயம் இரும்பில் கரையாது, நுண்ணிய பொட்டுகளாகத் தனியே நிற்கும். அது இன்னும் சுகமாக வெட்டுப்படும்.

இப்போது மறுபக்கம். சுருள் எந்த இடத்தில் முறிகிறதோ, பொருளும் அந்த இடத்தில் முறியலாம். அதனால் அதிர்ச்சி விழும் பாகம், பாரம் தூக்கும் கொக்கி, வண்டியின் ஸ்டியரிங், பிரேக் சம்பந்தப்பட்ட எதற்கும் இ.என். 1ஏ வேண்டாம். வெல்டிங்கும் வேண்டாம். கந்தகத்தால் வெல்டு சூட்டிலேயே வெடிப்பு விடும். ஈய வகையில் புகை வேறு. தூக்குக்குண்டுக்கு இதில் எதுவும் தடை இல்லை. தொங்குவதுதான் அதன் வேலை.

இன்னொன்று, மதுரைத் தம்பிக்கு அவசரமாகச் சொல்ல வேண்டியது. எம்.எஸ். சுருள் சக்கில் சுற்றுகிறது என்றீர்கள். அதைக் கையால் இழுத்துவிடாதீர்கள், கையுறை போட்டுக்கொண்டும் இழுக்காதீர்கள். சக் சுற்றும்போது கையுறை இருந்தால் கையையும் சேர்த்து இழுக்கும். மோட்டாரை நிறுத்துங்கள், கம்பிக் கொக்கியால் எடுங்கள். என் மாணவர்களுக்கு முதல் மாதம் ஃப்ரீ கட்டிங் ஸ்டீல் தர நான் போராடுவதற்கு முக்கியமான காரணமே இந்தச் சுருள்தான். சிறு சிறு துண்டாக உதிரும் இரும்பில் பையன்களின் விரல் தப்பிக்கும்.

மாடிப்பட்டறை

அக்கா, நான் இழுத்திருக்கிறேன். ஓடும்போதே இழுத்திருக்கிறேன். இனிமேல் மாட்டேன்.

ஈய வகை பற்றி ஒரு பயம். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள்.

பயிற்றுநர்

ஈயம் அதிகபட்சம் 0.35 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். பாரைத் தொடுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் வீட்டில் குழந்தை இருப்பதால் ஈயம் இல்லாத இ.என். 1ஏ வாங்குங்கள் என்பேன். அதுவே உங்களுக்கு வேண்டியதை விட எளிதாக வெட்டும். எந்த வகையானாலும் துகளைக் கூட்டி அள்ளி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். செருப்பை மாடியிலேயே கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் கீழே இறங்குங்கள். செருப்பில் ஒட்டிய துகள் குழந்தை காலில் ஏறினால் அது ஈயம் இல்லாவிட்டாலும் வலிதான்.

டொரண்டோவாசி

இங்கே வீட்டு லேத்காரர்கள் எல்லோரும் 12எல்14 என்ற ஸ்டீலைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் உள்ள எல் என்றால் ஈயம். நம் ஊர் இ.என். 1ஏ ஈய வகைக்குக் கிட்டத்தட்ட அதே உறவு. அமெரிக்க முறையில் 1212 என்ற ஸ்டீல் வெட்டுப்படும் எளிமையை 100 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கில் 12எல்14 ஏறத்தாழ 170. எம்.எஸ். பிரைட் பார் என்று நாம் சொல்வதற்கு நெருக்கமான 1018 ஏறத்தாழ 78. நடுத்தரக் கார்பன் ஸ்டீலான இ.என். 8-க்கு நெருங்கிய 1045 ஏறத்தாழ 57. சாதாரண 304 எவர்சில்வர் 50-க்கும் கீழே. எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, வரிசையை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இடித்தது. 1045-க்கு எண் குறைவு, ஆனால் என் லேத்தில் 1018-ஐ விட 1045-தான் வழவழப்பாக வருகிறது. ஏன்?

கணபதி_லேத்

அந்த எண் டூல் எவ்வளவு நேரம் தாங்கும், எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் என்பதை வைத்து வருவது. கம்பெனிக்கு அதுதான் காசு. வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு பீஸ் கடைபவருக்கு டூல் ஆயுள் பெரிய விஷயமில்லை, மேல்பரப்புதான் மனதுக்குத் தெரியும். இ.என். 8-இல் கார்பன் 0.4 சதவீதம் சுற்றி இருக்கும். அதனால் இழுபடாமல் வெட்டுப்படும், மெழுகுத்தனம் இல்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, கூர்மையான எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் போட்டால் கண்ணாடி மாதிரி வரும். என் மனதுக்குப் பிடித்த இரும்பு எது என்று கேட்டால் இ.என். 8-தான். புதியவர் இரண்டாவதாக அதற்கு வரட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்.ஸிலேயே பிளாக் பாருக்கும் பிரைட் பாருக்கும் நிறைய வித்தியாசம். பிளாக் பார் சூட்டில் உருட்டியது, மேலே கருப்புச் செதில் இருக்கும். அந்தச் செதில் டூலைத் தின்னும். முதல் கட் ஆழமாகக் கொடுத்துச் செதிலுக்குக் கீழே போய்விட வேண்டும். பயந்து பயந்து மேலாகத் தடவினால் டூல் முனை செதிலிலேயே உரசித் தேயும். பிரைட் பார் குளிர்ந்த நிலையில் டை என்ற அச்சுத் துளை வழியே இழுத்தது. இழுத்ததில் இரும்பு கொஞ்சம் இறுகி இழுபடும் குணம் குறையும். அதனால் அதே எம்.எஸ். பிரைட் பாராக இருந்தால் நன்றாக வெட்டுப்படும். ஆனால் உள்ளே இறுக்கம் ஒளிந்திருக்கும். நீளமான பிரைட் பாரில் ஒரு பக்கம் மட்டும் சாவிப்பள்ளம் (நீளவாக்கில் கீவே) எடுத்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது உங்கள் கைக்குறை இல்லை.

கம்பிக்கடை (சென்னை)

பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் ஸ்டீல் கடையில் வேலை பார்க்கிறேன். வாங்கும்போது கவனிக்க வேண்டியதை நான் சொல்கிறேன்.

"ராடு கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பார். கிரேடு, பிரைட்டா பிளாக்கா, விட்டம், நீளம் நான்கையும் சொல்லிக் கேளுங்கள். "இ.என். 1ஏ, பிரைட், 32 விட்டம், ஒரு அடி" என்று கேட்டால் உங்களைத் தெரிந்த ஆளாக நினைத்துப் பேசுவார்கள். பார் முனையில் அடித்திருக்கும் பெயின்ட் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மில் அடிக்கும் நிறத்துக்கும் இன்னொரு மில் அடிக்கும் நிறத்துக்கும் பொருள் மாறும். நிறம் இருக்கிற முனையை முந்தைய வாடிக்கையாளருக்கு வெட்டிக் கொடுத்திருப்பார்கள் என்பது வேறு. சந்தேகம் வந்தால் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

வாங்கி வந்ததும் இரண்டு முனையிலும் கிரேடை மார்க்கரில் எழுதிவிடுங்கள். வெட்டும்போது எழுதிய முனையை மிச்சமாக வையுங்கள். இதைச் செய்யாததால் ஆறு மாதம் கழித்து "இது எந்தக் கம்பிண்ணே" என்று எங்களிடமே கொண்டுவருபவர்கள் நிறைய.

எடைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 32 மி.மீ. பார் என்றால் 6.3 கிலோ. ஒரு அடி இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. எம்.எஸ்.ஸை விட இ.என். 1ஏ கிலோவுக்கு விலை கூடுதல்தான். ஆனால் இரண்டு கிலோ வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் ஒரு கார்பைடு முனை விலை கூட வராது.

கடைசியாக, இ.என். என்ற பெயர் பற்றி. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் தர வரிசையில் வந்த பழைய எண். பிரிட்டனே அதை விட்டுவிட்டு வேறு எண்முறைக்குப் போய்விட்டது. நம் ஊர்க் கடைகளில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான் ஓடுகிறது. ஐரோப்பியத் தரத்துக்கும் இ.என். என்றே பெயர். இன்டர்நெட்டில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாடிப்பட்டறை

ஈயம் இல்லாத இ.என். 1ஏ பிரைட் 32 மி.மீ. ஒரு அடி கிடைத்துவிட்டது. சுழற்சி வேகம், டூல் பற்றி யாராவது சொல்லுங்கள். அப்பாவின் குண்டு எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். குண்டின் விட்டமும் மேலே நூல் போகும் கட்டையின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டையைச் சுவரின் மேலே ஒட்டிப் பிடித்தால் கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் இரண்டும் ஒரே அளவாக இல்லாவிட்டால் சுவர் பொய் சொல்லும். நூல் துளையும் நடு மையத்தில் இருக்க வேண்டும்.

பயிற்றுநர்

நல்ல முதல் வேலையைத் தேர்ந்திருக்கிறீர்கள். முகம் சீவுவது, நேர்க்கடைசல், துளை, டேப்பர் (கூம்புச் சரிவு), மரை, நர்லிங் (பிடி வழுக்காமலிருக்கப் போடும் சொரசொர வரி) எல்லாம் ஒரே பொருளில் வந்துவிடும்.

வேகம்: வெட்டுவேகத்தை (நிமிடத்துக்கு மீட்டர்) 318-ஆல் பெருக்கி விட்டத்தால் (மி.மீ.) வகுங்கள், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். எச்.எஸ்.எஸ். டூலுக்கு எம்.எஸ். என்றால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வைக்கலாம், 32 மி.மீ. பாருக்கு ஏறத்தாழ 300 சுற்று. இ.என். 1ஏ என்றால் 45 மீட்டர் தாராளமாக வைக்கலாம், ஏறத்தாழ 450 சுற்று. ஆரம்பத்தில் 350-இல் தொடங்கிக் காது கேட்டு ஏற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு 0.3 மி.மீ. ஆழம் போதும். உங்கள் இயந்திரத்துக்கு எடை குறைவு, ஆழம் கூடினால் அதிரும்.

உங்கள் லேத்தின் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) துளை 20 மி.மீ. தான் இருக்கும், 32 பார் உள்ளே போகாது. அதனால் ஹேக்சாவில் 100 மி.மீ. துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். வெளியே நிறைய நீட்டிப் பிடித்தால் சக்குக்கு எதிர்ப்பக்கம் உள்ள டெயில் ஸ்டாக்கில் சென்டர் (கூர்முனை) கொடுத்துத் தாங்குங்கள்.

பிரைட் பார் பளபளவென்று இருக்கிறதே, விட்டத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். மூன்று தாடை சக் கொஞ்சமாவது மையம் தள்ளித்தான் பிடிக்கும். துளையையும் வெளிவிட்டத்தையும் ஒரே பிடியில், சக்கை அவிழ்க்காமல் முடித்தால்தான் மையம் ஒன்றாக இருக்கும். 30 மி.மீ.க்குக் கடைந்து இறக்குங்கள்.

கணபதி_லேத்

டூல் பற்றி நான். லேத்தோடு வந்த கார்பைடு முனைகளைத் தூக்கி ஓரமாக வையுங்கள். முனை மழுங்கலாக வளைந்திருக்கும், பெரிய இயந்திரத்தில் அழுத்தி ஓட்டச் செய்தது. சின்ன லேத்துக்கு அந்த அழுத்தம் கிடையாது. ஒரு எச்.எஸ்.எஸ். டூல் பிட் வாங்கி, மேல்முகத்தில் நன்றாகச் சரிவு கொடுத்துத் தீட்டி, எண்ணெய்க் கல்லில் நான்கு இழுப்பு இழுங்கள். முனை சரியாக மைய உயரத்தில் நிற்க வேண்டும். டெயில் ஸ்டாக் சென்டரின் முனையோடு ஒப்பிட்டு அடியில் தகடு வையுங்கள். கட்டிங் ஆயிலைப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுக் கொடுங்கள்.

அந்தப் பழைய எம்.எஸ். துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். இ.என். 1ஏ-வில் நல்ல பரப்பு வந்ததும், அதே டூல், அதே வேகம், அதே எண்ணெயோடு எம்.எஸ்.ஸை மாட்டிப் பாருங்கள்.

மாடிப்பட்டறை

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் கட்டிலேயே தெரிந்துவிட்டது. சுருள் இல்லை, குட்டிக் குட்டித் துண்டாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. மேல்பரப்பில் என் முகம் தெரியவில்லை, ஆனால் ட்யூப் லைட் கோடாகத் தெரிந்தது. மனைவியை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முதல் குண்டு வீணாகிவிட்டது. எம்10 மரைக்கு 8.5 துளை போடும்போது சென்டர் டிரிலால் நடுவில் குழி போடாமல் நேரடியாக டிரில் இறக்கினேன், அது ஓரம் போய்விட்டது. இரண்டாவது குண்டு சரியாக வந்தது. கட்டையையும் அதே பாரில் கடைந்தேன், சதுரமாக இல்லாமல் வட்டமாக. 30 மி.மீ. விட்டம், நடுவில் 3 மி.மீ. நூல் துளை. குண்டை அளந்தால் மேல் முனையில் 30.02, கீழே 30.05. கட்டை 30.03.

கணபதி அண்ணன் சொன்னபடி எம்.எஸ்.ஸையும் மாட்டினேன். முன்பை விட நன்றாகவே வந்தது. இ.என். 1ஏ அளவுக்கு இல்லை, ஆனால் பிய்ந்த மாதிரி இல்லை. ஆக குறை இரும்பில் பாதி, டூலில் பாதி. இதை நானாக ஒரு வருடத்திலும் பிரித்திருக்க மாட்டேன்.

பயிற்றுநர்

0.03 வித்தியாசம் சக்கிலிருந்து தள்ளிப் போகப் போகப் பார் லேசாக ஒதுங்குவதால் வந்திருக்கலாம். கடைசி வெட்டை ஆழம் மாற்றாமல் இன்னொரு முறை ஓட்டியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். சுவருக்கு இது தாராளம். துரு ஒன்றுதான் பாக்கி. இந்த இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், சிமென்ட் ஈரம் வேறு. தினமும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

மாடிப்பட்டறை

அப்பா நேற்று வேலைக்கு எடுத்துப் போனார். பழைய குண்டையும் புதியதையும் ஒரே சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தாராம். சாயங்காலம் வந்து, "நர்லிங் போட்ட இடம் ஈரக் கையில் வழுக்கவில்லை" என்றார். அப்புறம் டைல்ஸில் துளைக்குப் புள்ளி வைக்க ஒரு பஞ்ச் கேட்டார். மிச்சமிருக்கும் இ.என். 1ஏ-வில் செய்யலாமா?

கணபதி_லேத்

வேண்டாம் தம்பி. அதில் கார்பன் மிகக் குறைவு, எவ்வளவு சூடாக்கித் தண்ணீரில் முக்கினாலும் முனை கடினமாகாது. இரண்டு அடியில் மழுங்கிவிடும். சில்வர் ஸ்டீல் ராடு 10 மி.மீ. கேட்டு வாங்குங்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே கார்பன் 1 சதவீதம் சுற்றி. வாங்கும்போது மென்மையாகத்தான் இருக்கும், இ.என். 8 மாதிரி வேகத்தைக் குறைத்துக் கடைந்துவிடலாம். கடைந்து முடித்து முனையைச் செக்கச்சிவக்கச் சூடாக்கி, காந்தம் ஒட்டாமல் போகும்போது சூட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றித் தண்ணீரில் நேராக இறக்குங்கள். பிறகு பளபளப்பாகத் தேய்த்துவிட்டு மெதுவாகச் சூடாக்குங்கள். முனை வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் மறுபடி தண்ணீர். அதைச் செய்யும் முன் இங்கே ஒரு படம் போடுங்கள், முனைக் கோணத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.